டை வாங்கும் முன் தோட்டா உறையை அளந்து பாருங்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 26 ஆண்டுகள் டூல் ரூமில் வேலை பார்த்தவன் நான். துப்பாக்கியைத் தொட்டதில்லை, ஆனால் டை, அதாவது உலோகத்தை அமுக்கி வடிவம் கொடுக்கும் அச்சு என்றால் தெரியும். போன கோடையில் டெக்சாஸில் சித்தப்பா மகன் வீட்டில் மூன்று வாரம் இருந்தேன். அவன் தன் .308 வின்செஸ்டர் ரைபிளுக்குச் சுட்ட தோட்டா உறைகளை வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறான். அங்கே அதற்குத் தடையில்லை. இங்கே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும், தோட்டா செய்யும் கருவிகளையும்கூடத் தோட்டாக் கணக்கிலேயே சேர்க்கிறது. ஊருக்குத் திரும்பும்போது ஆசைக்கு ஒரு காலி உறையைக்கூடப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

"அண்ணா, இந்த டை உறையைக் கெடுக்கிறது. வேறு வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டான். உறையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினேன். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, சுற்றிலும் பளபளவென்று ஒரு வளையம். மெல்லிய கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டு, சுவரை ஒட்டி மேலே இழுத்தேன். வளையம் இருந்த இடத்தில் கம்பி தடுக்கி நின்றது. உள்சுவர் அங்கே மெலிந்திருந்தது. அடுத்த முறை சுட்டால் அந்த இடத்தில் இரண்டாகப் பிளந்து, வாயு முகத்தை நோக்கிப் பாயலாம். எனக்கு நெஞ்சு திக்கென்றது. அந்தத் தொகுதி முழுவதையும் நசுக்கிப் போட வைத்தேன்.

டை மேல் குற்றமில்லை. சுடும்போது பித்தளை உறை உப்பி, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையை நிரப்பும். டை அதை மறுபடி அமுக்கும். இவன் டையை அடி வரை திருகி இறக்கியிருந்தான். உறையின் தோள், அதாவது கழுத்துக்குக் கீழே சரிவாக இருக்கும் பகுதி, அளவுக்கு மீறிப் பின்னால் போனது. ஒவ்வொரு சூட்டிலும் உறை நீண்டு, அடிப்பக்கத்தில் இற்றுக்கொண்டே வந்தது. டையைச் சிறிது சிறிதாக மேலே ஏற்றி, ஒவ்வொரு முறையும் அளந்து, தோள் 0.002 அங்குலம் மட்டும் பின்வாங்கும்படி நிறுத்தினோம்.

கழுத்தை மட்டும் அமுக்கும் டையும் உண்டு. அதில் பித்தளை அதிகம் நசுங்காது. ஆனால் நாலைந்து சூட்டுக்குப் பிறகு ரைபிளின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட் மூட முரண்டு பிடிக்கும். என் தேர்வு, உறை முழுவதையும் அமுக்கி, கழுத்துக்கு மட்டும் புஷ் (வேண்டிய அளவில் போட்டுக்கொள்ளும் வளையம்) மாற்றிக்கொள்ளும் டை. குண்டு பொருத்திய தோட்டாவின் கழுத்து 0.336 அங்குலம் இருந்தது. 0.334 புஷ் வாங்கச் சொன்னேன். அமுக்கிய பித்தளை கொஞ்சம் விரிந்துகொடுக்கும் என்பது பிரஸ் வேலை தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

*

இன்னொருவர் அனுபவம்: போரூரிலிருந்து எழுதுகிறேன். ஓஹியோவில் இருக்கும் என் மைத்துனர், கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளால் ஆன டை என்றால் உறைக்கு எண்ணெய் தடவ வேண்டாம் என்று நம்பிவிட்டார். அது நேரான பிஸ்டல் உறைக்குத்தான் பொருந்தும். கழுத்து குறுகிய ரைபிள் உறைக்கு எண்ணெய் இல்லாமல் முடியாது. உறை டைக்குள் கவ்விக்கொண்டது. கைப்பிடியை இழுத்ததில் விளிம்பு பிய்ந்து வந்துவிட்டது. அடியில் துளையிட்டு, கால் அங்குல மரை வெட்டி, போல்ட் போட்டு இழுத்துத்தான் வெளியே எடுத்தோம். அரை நாள் போயிற்று. எண்ணெய் மிகுந்தாலும் தோளில் பள்ளம் விழும். விரல் நுனியில் லேசாகத் தடவினால் போதும்.