1971 விக்ராந்த், 1:350 அளவில்: கடலோர ஈரத்தில் உடலும் வண்ணமும் நிற்க என்ன செய்வது?

வேதாளை வாடை (கேள்வி)

1971 டிசம்பரில் வங்கக் கடலில் இருந்த விமானந்தாங்கிக் கப்பல் ஐஎன்எஸ் விக்ராந்தை 1:350 அளவில், தண்ணீருக்குக் கீழ்ப்பகுதியும் சேர்த்து முழு உடலோடு செய்யப் பார்க்கிறேன். மொத்த நீளம் 213.4 மீட்டர், அதாவது மாதிரியில் 610 மி.மீ. பெட்டியில் வரும் கிட் வேண்டாம், அடியிலிருந்து நானே செய்ய வேண்டும். சந்தேகங்கள் இவை:

உடலுக்கு பிளைவுட் நல்லதா, ஃபிளெக்ஸ் கடைகளில் கிடைக்கும் 3 மி.மீ. சன்போர்டு நல்லதா? இங்கே வாடைக்காற்று தொடங்கிவிட்டால் கதவுகூட ஊதி மூட மறுக்கிறது.

இணையத்தில் தேடினால் விக்ராந்த் படங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. எதை நம்புவது?

தளத்தின் மேல் நிற்கும் சீ ஹாக், அலிசே விமானங்களுக்கு என்ன நிறம்? தூக்கியின் பக்கத்தில் நிறுத்த ஒரு ஹெலிகாப்டரும் வேண்டும். உச்சிப்புளி பக்கம் பறக்கும் சேத்தக்கைப் பார்த்து அதைச் செய்யலாமா?

தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

ஏராக்கட்டை, கீழக்கரை

தம்பி, பலகை வாங்கும் முன் தேதியை முடிவு செய்யுங்கள். "1971 டிசம்பர்" என்று சொல்லிவிட்டீர்கள், அதிலேயே உறுதியாக நில்லுங்கள். படங்கள் பொருந்தாததற்குக் காரணம் இதுதான்: ஆர்11 என்ற அடையாள எண் இரண்டு கப்பல்களுக்கு உண்டு. ஒன்று 1961 மார்ச் 4 அன்று பெல்ஃபாஸ்டில் பணியேற்ற பழைய விக்ராந்த். மற்றொன்று கொச்சியில் கட்டி 2022 செப்டம்பர் 2 அன்று பணியேற்ற புதியது, 262 மீட்டர் நீளம். தேடலில் இரண்டும் கலந்துதான் வரும்.

பழைய கப்பலிலேயே இரண்டு உருவம் உண்டு. 1971இல் முன்புறம் தட்டையான தளம், விமானத்தை உந்தி ஏவும் நீராவிக் கவண், பக்கவாட்டில் கோணமாக ஓடும் சாய்ந்த இறங்குதளம். 1980களின் பிற்பகுதியில்தான் கவணை எடுத்துவிட்டு, சீ ஹாரியர் விமானத்துக்காக முன்முனையில் 9.75 பாகை ஏற்றம் வைத்தார்கள். முன்னால் தளம் மேல்நோக்கி வளைந்திருக்கும் எந்தப் படமும் உங்களுக்கு ஆகாது. விராட் என்ற இன்னொரு விமானந்தாங்கிக் கப்பலின் படத்தையும் விக்ராந்த் என்று போட்டிருப்பார்கள். அதன் ஏற்றம் 12 பாகை, தளத்தின் ஓரம் எழும் தீவுக் கட்டடமும் முழுக்க வேறு. பிற்காலப் புதுப்பிப்பில் ராடார்களும் மாறின. அதனால் கப்பல் அருங்காட்சியகமான பிறகு எடுத்த படத்தைப் பார்த்து தூண்கம்பத்தைச் செய்யாதீர்கள். துப்பாக்கிகளையும் ஒரே காலத்துப் படத்தில் ஒவ்வொன்றாக எண்ணுங்கள்.

வரைபடம் கிடைக்காவிட்டால் மெஜஸ்டிக் வகைச் சகோதரக் கப்பல்களான மெல்போர்ன், பொனவெஞ்சர் இவற்றின் உடல்கோடுகளைத் தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே நம்பி எடுக்கலாம். மேலே எடுக்காதீர்கள். சாய்தளத்தின் விளிம்பு, பக்கத் திண்ணைகள், தீவு எல்லாம் கப்பலுக்குக் கப்பல் வேறு.

இனி பொருள். சன்போர்டே சரி. அது பிவிசி நுரைப் பலகை, தண்ணீரைக் குடிக்காது. பிளைவுட் எவ்வளவு மூடினாலும் ஆணித்துளை, வெட்டு விளிம்பு வழியே ஈரம் ஏறும். வாடை மாதங்களில் ஊதும், பங்குனியில் சுருங்கும், அந்த அசைவில் பட்டி கோடு கோடாக விரியும்.

ஒரு வசதி பாருங்கள். கப்பல் தண்ணீருக்குள் அமிழும் ஆழம் ஏறக்குறைய 7.3 மீட்டர். 1:350இல் அது 20.9 மி.மீ. 3 மி.மீ. பலகை ஏழு அடுக்கினால் 21. ஏழாவது அடுக்கின் மேல்முகமே தண்ணீர்க்கோடு. ஆனால் கடைக்காரர் 3 என்று கொடுப்பது பல நேரம் 2.7, 2.8தான் இருக்கும். ஏழு அடுக்கில் அது ஒரு மில்லிக்கு மேல் குறையும். வெர்னியரால் நாலைந்து இடத்தில் அளந்து, அந்தக் கனத்துக்கே தண்ணீர்க்கோடுகளைத் திரும்ப வரையுங்கள். பலகையின் கனத்தை வரைபடத்துக்காக மாற்ற முடியாது, வரைபடத்தைத்தான் பலகைக்காக மாற்ற வேண்டும்.

வரைபடத்தைத் தாளில் அச்சடிக்காதீர்கள். காகிதம் ஈரத்தில் நீளும், அதுவும் ஒரு பக்கமாக அதிகமாக நீளும். 610 மி.மீ.யில் இரண்டு மூன்று மில்லி போய்விடும். ஃபிளெக்ஸ் கடையில் வினைல் ஸ்டிக்கரில் அடித்து, அப்படியே பலகையில் ஒட்டி வெட்டுங்கள். நீளவாக்கிலும் குறுக்கிலும் 100 மி.மீ. அளவுக்கோடு ஒன்று ஒன்று போட்டுக் கொடுங்கள். "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தேர்வில் அச்சாகி வந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஏராவை (கப்பலின் அடித்தண்டு) நடுவில் நிறுத்தி, உடலை இடம் வலம் என்று இரண்டு பாதியாக அடுக்குங்கள். நடுவில் 1 மி.மீ. பிவிசி தகடு போதும், அதுவே ஏராவின் பக்கத்தோற்றம். மரச்சட்டமோ பித்தளைக் கம்பியோ உள்ளே முழு நீளத்துக்கு வைத்து ஒட்ட வேண்டாம். வெயிலில் பிவிசி அதைவிட அதிகம் நீளும். 15 பாகை வெப்ப வித்தியாசத்துக்கு இந்த நீளத்தில் அரை மில்லி. கட்டிப் போட்ட மாதிரி ஆகி உடல் வில்லாக வளையும்.

ஒட்டுவதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். குழாய் ஒட்டும் பிவிசி சிமெண்டை முழுப்பரப்பில் தடவினால் ஓரம் மட்டும் காயும். நடுவில் மாட்டிய கரைப்பான் வாரக்கணக்கில் வெளியேறாமல் நுரையை இளக்கி, வண்ணம் பூசிய பிறகு மேலே புடைக்கும். அடுக்குகளுக்கு மெதுவாக இறுகும் இருகுழம்பு எபாக்சியே நல்லது. சிமெண்ட்தான் கையில் இருக்கிறது என்றால் 40 மி.மீ.க்கு ஒரு 3 மி.மீ. துளை போட்டு, மெல்லிய கோடாக மட்டும் இழுங்கள். கிரானைட் பலகையிலோ தடித்த கண்ணாடியிலோ கவிழ்த்துப் பாரம் வைத்து 24 மணி நேரம் விடுங்கள். பலகைக்கு இயல்பாகவே லேசான வளைவு இருக்கும். ஓர் அடுக்கின் குழிவை மேலேயும் அடுத்ததன் குழிவைக் கீழேயும் வைத்தால் ஒன்றையொன்று நேராக்கும்.

ஒவ்வொரு அடுக்கையும் அதன் மேல் தண்ணீர்க்கோட்டு அளவுக்கு வெட்டுங்கள், கீழ்க்கோட்டுக்கு அல்ல. படிப்படியாக நிற்கும் மூலைகளை மட்டும் தேய்த்து எடுத்து, உள்மூலையிலிருக்கும் ஒட்டுக்கோடு மறையப் போகும் நேரத்தில் நிறுத்தினால் வடிவம் சரி. உடலின் குறுக்கு வளைவைச் சரிபார்க்கும் அச்சுகளுக்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் அருமை. ஊதாது, கத்தரியில் வெட்டலாம். அணியத்தில் (முன்முனை) நெருக்கமாக ஆறு, நடுவில் மூன்று, பின்னால் ஐந்து அச்சு போதும். நடுவுடல் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஓடும்.

தொண்டித் தூரிகை

உடலைப் பற்றி ஏராக்கட்டை காக்கா (அண்ணன்) சொல்லிவிட்டார். மேல்பூச்சுக்கு வருகிறேன்.

நுரைப் பலகையைத் தேய்த்ததும் சிறு குழிகள் திறக்கும். அதற்கு வண்டிப் பட்டறையில் போடும் இருபொருள் பட்டியை மெல்லியதாக இழுங்கள். ஒற்றைக் குழாயில் வரும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி காயக் காயச் சுருங்கும், படிகள் திரும்பத் தெரியும். 320, 400, 600, கடைசியாக 1000 எண் உப்புத்தாள் என்று தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம்.

வண்டிகளுக்கு அடிக்கும் டூகோ வகை வண்ணத்தை நேரடியாக அடிக்காதீர்கள். அதன் தின்னர் பிவிசியையும் பிளாஸ்டிக் தகட்டையும் அரிக்கும். முதலில் அக்ரிலிக் பிரைமர், தூசி மாதிரி இரண்டு பூச்சு. அடுத்த பிரச்சினை வெள்ளை பூப்பது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் படிகிறது, வண்ணம் பால் போல் மங்குகிறது. மழைக்காலத்தில் அடிக்காமலிருப்பது உத்தமம். அடித்தே ஆக வேண்டுமென்றால் மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரைப் பத்தில் ஒரு பங்கு சேருங்கள். நேரம் காலை 10 மணிக்கு மேல், கடல்காற்று எழுவதற்குள். கச்சான் (மேல்காற்று) வீசும் ஆனி, ஆடியில் ஈரம் பரவாயில்லை, ஆனால் மணல்தூசி ஈர வண்ணத்தில் ஒட்டும். அறையின் மேற்கு ஜன்னலைச் சாத்திவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் கழித்துத் தொடங்குங்கள்.

வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ் நடுவில் தண்ணீர்த் துளி துப்பினால் கம்ப்ரஸரைக் குறை சொல்ல வேண்டாம். அழுத்திய சூடான காற்று குழாயில் போகும்போதுதான் குளிர்ந்து தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரைப் பிடிக்கும் ஈரப்பொறியைக் கம்ப்ரஸர் தொட்டியின் வாயில் வைத்தால் பயன் பாதிதான். 3 மீட்டர் குழாய் விட்டு, கைப்பிடிக்கு அருகில் இன்னொரு சிறு பொறி வையுங்கள். தொட்டித் தண்ணீரை ஒவ்வொரு முறையும் வடித்துவிடுங்கள்.

பித்தளைக் கைப்பிடிக் கம்பிகளை வளைத்த அன்றே கொழுப்பு நீங்கக் கழுவி பிரைமர் போடுங்கள். உப்புக்காற்றில் விரல்ரேகை ஒரே வாரத்தில் பச்சையாகும், அதன் மேல் வண்ணம் நிற்காது.

ஆன்டெனா கம்பிக்கு மீன்பிடி நைலான் நரம்பு கையருகே கிடைக்கிறது என்று எடுத்துவிடாதீர்கள். 0.1 மி.மீ. நரம்பு 1:350இல் 35 மி.மீ. தடியாகக் கணக்காகும், கம்பியாகத் தெரியாது, கயிறாகத் தெரியும். தவிர நைலான் ஈரத்தைக் குடித்து நீளும். சித்திரையில் விறைப்பாகக் கட்டியது ஐப்பசியில் தொங்கும். மோட்டார் காயில் கட்டும் கடையில் 46 கேஜ் எனாமல் செப்புக் கம்பி கேளுங்கள், ஏறக்குறைய 0.06 மி.மீ. இரண்டு முனையையும் பிடித்து லேசாக இழுத்து, உருட்டி நேராக்கி ஒட்டினால் பருவம் மாறினாலும் நிற்கும்.

கடற்பருந்து 72

விமானங்களுக்கு வருகிறேன். 1:350இல் சீ ஹாக்கின் நீளம் 34.5 மி.மீ., இறக்கை விரித்தால் 34. அலிசே இறக்கை விரிவு 44.6 மி.மீ. 1971இல் சீ ஹாக் 300ஆம் படைப்பிரிவு, வெள்ளைப் புலிகள். அலிசே 310, நாகங்கள். டிசம்பர் 4 காலை காக்ஸ் பஜார் விமானதளத்தைத் தாக்கியவை சீ ஹாக்குகள்தான். ஆகவே தளத்தின் பின்பகுதியில் அவற்றை நெருக்கமாக, இறக்கை மடித்து நிறுத்தினால் உங்கள் தேதிக்குப் பொருந்தும்.

நிறம்: மேலே எக்ஸ்ட்ரா டார்க் சீ கிரே, பிரிட்டிஷ் தரம் 381சி எண் 640. கீழே ஸ்கை, எண் 210. ஹம்பிரால் வண்ண வரிசையில் 123, 90. இந்தக் கடும்சாம்பலை டப்பாவிலிருந்து நேரே 34 மி.மீ. விமானத்துக்குப் பூசினால் கறுப்பாகத் தெரியும். பத்துப் பங்குக்கு ஒன்றரைப் பங்கு வெளிர்சாம்பல் சேருங்கள். சுத்த வெள்ளை சேர்த்தால் சுண்ணாம்படித்த மாதிரி ஆகிவிடும்.

வட்டச் சின்னம் வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை. இந்த அளவில் 2 மி.மீ. விட்டத்தில் வரும் பொட்டு. லேசர் அச்சு வெள்ளையை அடிக்காது. கண்ணாடி ஃபிலிமில் அடித்துச் சாம்பல் மேல் ஒட்டினால் காவி சேறாகும். வெள்ளை ஃபிலிமில் அடித்து, தோல் தைக்கும் சின்ன வட்டப் பஞ்ச் கொண்டு குத்தி எடுங்கள். இங்க்ஜெட் வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் மேல்பூச்சு காயும் முன்பே மை பரவும்.

பிற்பாடு 1:72இல் ஒரு சீ ஹாக் செய்தால் ஒன்றைக் கவனியுங்கள். 1960களின் நடுவில் ஜெர்மன் கடற்படையிலிருந்து வாங்கியவையும் நம்மிடம் பறந்தன. அவற்றின் வால்செங்குத்து உயரமானது. பிரிட்டிஷ் வகை கிட்டில் அந்த விமானத்தின் எண்ணை ஒட்டினால் தப்பு. எண்ணைப் படத்தில் பார்த்து, வாலையும் அதே படத்தில் பாருங்கள். முன்சக்கரம் தரையில் நிற்க மூக்கில் பாரம் வேண்டும். வலைக் கடையில் விற்கும் ஈயக்குண்டு போதும், ஆனால் ஃபெவிகாலில் ஒட்டாதீர்கள். அதிலிருந்து வரும் அசிட்டிக் ஆவியும் ஈரமும் சேர்ந்து ஈயத்தை வெள்ளைத் தூளாக்கும், தூள் பருத்து உடலைப் பிளக்கும். எபாக்சியில் மூழ்கடியுங்கள். ஃபெவிகாலுக்கு இடம் விமானியின் கண்ணாடிக் கூண்டு: அங்கே ஃபெவிக்விக் போட்டால் அதன் புகை ஈரத்தோடு சேர்ந்து கண்ணாடியில் வெண்படலம் படியும்.

சேத்தக் என்பது பிரெஞ்சு ஹெலிகாப்டரான அலூயெட் மூன்றை நம் ஹெச்ஏஎல் நிறுவனம் உரிமம் வாங்கிக் கட்டியது. உருவம் ஒன்றுதான், ஆகவே அது உங்கள் தளத்தில் நிற்கலாம். சுழலியின் விட்டம் 31.5 மி.மீ., மூன்று அலகு. மேலே பறப்பதைப் பார்த்து வால்குழாயின் தடிமனையும் சக்கரங்கள் விரிந்து நிற்பதையும் குறித்துக்கொள்ளலாம். ஆனால் உச்சிப்புளியில் உள்ள ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானதளத்தின் வேலிப்பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள். அது தடைசெய்யப்பட்ட பகுதி. கண்காட்சி நாள்களில் பொதுமக்களுக்குக் காட்டப்படும் விமானத்தின் படங்களே போதும்.

வேதாளை வாடை

மிக்க நன்றி அண்ணே, காக்கா. இரண்டு விஷயம் பாக்கி. தொண்டி அண்ணன் சொன்னபடி வெளிர்சாம்பல் கலந்தால், கப்பல் உடலின் சாம்பலுக்கும் அதே விகிதமா? செய்து முடித்ததை எதில் வைப்பது? எங்கள் வீடு தகரக்கூரை.

தொண்டித் தூரிகை

விகிதம் சொன்னது கடற்பருந்து, ஆனாலும் இதற்கு என் கணக்கு வேறு. உடலுக்கு அவ்வளவு வேண்டாம். பெரிய பரப்பு தானாகவே வெளிச்சமாகத் தெரியும். பத்துக்கு அரைப் பங்கு கலந்து, ஒரு துண்டுப் பலகையில் பூசி, வீட்டு விளக்கில் அல்லாமல் வாசல் நிழலில் விமானத்தோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். விமானத்தின் மேல்பகுதி உடலைவிடத் தெளிவாகக் கறுத்து நிற்க வேண்டும்.

ஏராக்கட்டை, கீழக்கரை

தகரத்துக்கு நேர்கீழே அலமாரியின் மேல்தட்டில் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் அங்கே ஏறும் சூட்டில் நுரைப்பலகை இளகாவிட்டாலும், தளத்தின் தொங்கும் விளிம்பு நாளடைவில் கீழே சாயும். வடக்குச் சுவரோரம், இடுப்பு உயரத்தில் வையுங்கள்.

பீடத்துக்கு மரைன் பிளை என்றால் ஆறு முகத்திலும் பாலிஷ் ஏறியிருக்க வேண்டும், அடிமுகத்தையும் விடாதீர்கள். கப்பலை இரண்டு திருகாணியில் பிடியுங்கள். முன்துளை வட்டமாக, பின்துளை நீளவாக்கில் 2 மி.மீ. கூடுதலாக. அப்போது உடல் நீண்டாலும் பீடம் இழுக்காது. அக்ரிலிக் கூண்டை வண்ணம் முடிந்த மறுநாளே மூடாதீர்கள். கரைப்பான் வாடை முழுக்கப் போக மூன்று வாரம் விடுங்கள். பிறகு பீடத்தின் அடியில் 100 கிராம் சிலிக்கா ஜெல் கொள்ளும் ஒரு குழிப்பெட்டி, கூண்டுக்குள் திறக்கும்படி. நிறம் மாறியதும் எடுத்து ஓவனில் 110 பாகையில் இரண்டு மணி நேரம் சூடாக்கித் திரும்ப வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பத்து நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும்.