புதுப்பிப்பு: ஆஸ்திரேலியாவில் சம்பளத்தில் 30% வரி பிடித்த விவகாரம் முடிந்தது

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்காக: 462 விசாவில் (விடுமுறையோடு வேலையும் பார்க்க இளைஞர்களுக்குத் தரும் 'ஒர்க்கிங் ஹாலிடே' வகை விசா) குவீன்ஸ்லாந்து வாழைத் தோட்டம் ஒன்றில் வேலை. டிஎஃப்என் (ஆஸ்திரேலிய வரி எண்) கொடுத்தும் 30% வரி பிடிக்கிறார்களே, சரியா என்று கேட்டிருந்தேன்.

"ஒர்க்கிங் ஹாலிடே ஆட்களை வைத்திருப்பதாக முதலாளி வரி அலுவலகத்தில் பதியவில்லை போல" என்று ஒருவர் சொன்னாரே, அதேதான். பதிந்திருந்தால் ஆண்டு வருமானத்தில் முதல் டாலரிலிருந்து 45,000 டாலர் வரை 15%. இல்லாவிட்டால் வெளிநாட்டவருக்கான விகிதம், அதுதான் அந்த 30%. கணக்கு பார்க்கும் அம்மாவிடம் பேஸ்லிப்பில் அந்த 30% பிடித்தத்தைத் தொட்டுக் காட்டினேன். கண்ணாடிக்கு மேலாக ஒரு முறை முறைத்தார். அடுத்த சம்பளத்துக்குள் பதிந்தும்விட்டார். டிஎஃப்என்னை மறுபடி கொடுக்கச் சொன்ன யோசனை எனக்குப் பொருந்தவில்லை. டிஎஃப்என் கொடுக்காமல் இருந்திருந்தால் பிடித்தமே 45% ஆகியிருக்கும்.

முன்பு கூடுதலாகப் போனது, ஜூன் 30க்குப் பிறகு (அங்கே நிதியாண்டு அன்று முடிகிறது) வரி ரிட்டர்ன் போட்டதும் திரும்பி வந்தது. முதலாளி பதிந்தாலும் பதியாவிட்டாலும் நமக்கான வரி அதே 15%தான்.

எதிர்பாராதது சூப்பர் பணம், அதாவது முதலாளி நம் பெயரில் கட்டும் ஓய்வூதியச் சேமிப்பு. விசா முடிந்து நாட்டைவிட்டுக் கிளம்பிய பிறகு கேட்டு வாங்கலாம், ஆனால் 65% வரிக்கே போய்விடும். அதை நம்பி டிக்கெட் போட வேண்டாம்.