புதுப்பிப்பு: கோத்தகிரி குளிருக்குப் புறா தீனி

கோத்தகிரி குளிருக்கு எங்கே விட்டாலும் கூடு திரும்பும் ஹோமர் புறாக்களின் தீனியை எப்படி மாற்றலாம் என்று மழைக்கு முன்னாடி இங்கே கேட்டிருந்தேன். மதுரை அண்ணன் ஒருவர், "மக்காச்சோளம் சூடு, குறைச்சுக்கங்க தம்பி" என்றார். அவர் ஊர் வெயிலுக்குச் சரி. இங்கே மார்கழி, தையில் விடிகாலை புல்லெல்லாம் உறைபனி. உடம்புச் சூட்டைக் காக்கவே புறாவுக்கு மாவுச்சத்து நிறைய வேண்டும். அதனால் மக்காச்சோளத்தைக் கூட்டினேன், அதுவும் மாலைத் தீனியில். ஒரு புறாவுக்கு நாளுக்கு 30 கிராம் கணக்கு, குளிரில் கொஞ்சம் மேலே.

குளிரை விட ஈரம்தான் பெரிய தலைவலி. ஊட்டிக்கு ஆடி மழை என்றால் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை. சாக்கில் கிடக்கும் மக்காச்சோளம் அப்போது பூசணம் பிடிக்கும். அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும், கழுவிக் காயவைத்தாலும் போகாது. விலை பார்க்காமல் கொட்டிவிடுங்கள். மூடி இறுகிய டிரம்மில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வைப்பதே நல்லது.

மாசிக்கு மேல் ஜோடி சேர்த்தால் பச்சைப்பயறும் பட்டாணியும் கூட்டணும். குஞ்சுக்கு முதல் சில நாள் தாயும் தகப்பனும் தீனிப்பையில் சுரக்கும் பாலைத்தான் ஊட்டும், அதற்குப் புரதம் வேண்டாமா? சிப்பி ஓடு கலந்த கிரிட் (தீனியை அரைக்கப் புறா விழுங்கும் பொடிக்கல்) வருஷம் முழுக்க. இறகு உதிர்க்கும்போது பயறோடு கொஞ்சம் சூரியகாந்தி விதை. கோடையில் மக்காச்சோளத்தைக் குறைத்துக் கம்பு, கோதுமை போதும்.

பார்லி மேட்டுப்பாளையத்தில் மொத்தமாகக் கிடைக்குமா? தெரிந்தவங்க சொல்லுங்க.