ஆம்னியில் ஸ்டிக்கர் கம் போகவில்லை: பெயின்ட் அடிப்பதற்கு முன் என்ன செய்வது?

சூரமங்கலம்_வேன்:
வணக்கங்க. வெள்ளை மாருதி ஆம்னி வேன். ரெண்டு பக்கமும் கடை விளம்பர ஸ்டிக்கர், பல வருஷம் வெயில்லயே நின்னது. ஸ்டிக்கரை உரிச்சாச்சு. கம் மட்டும் பழுப்பா, கட்டி கட்டியா கதவு முழுக்க அப்பிக் கிடக்கு. கீழே பீடிங் (கதவோரப் பட்டை) ஒட்டின டபுள் டேப்போட நுரை அப்படியே இருக்கு. மேல ஜன்னல் வைசர் (மழைத் தடுப்பு) இருந்த இடத்துல ஏதோ பேஸ்ட் தடவியிருக்காங்க. அதே வெள்ளையில முழு பெயின்ட் அடிக்கணும். "120 நம்பர் எமரி பேப்பர் போட்டா எல்லாம் போயிடும்"னு பெயின்டர் சொல்றார். சரிதானா? என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் போட்டுத் துடைக்கலாமா? ஏற்கனவே ரீபெயின்ட் ஆன வண்டியோன்னு ஒரு சந்தேகம் இருக்கு.

லீபஜார்_ஸ்பிரே:
பேப்பரை இப்போதைக்கு எடுக்கவே வேண்டாங்க. தேய்க்கிற சூட்டுக்கு கம் இளகி, ரெண்டு இழுப்புலயே பேப்பர் அடைச்சுக்கும். மிச்சம் 120 போட்ட கீறலுக்குள்ள இறங்கிடும். அப்புறம் எதை ஊத்தித் துடைச்சாலும் முழுசா வராது. மேல அடிக்கிற பிரைமர்ல இருக்கிற தின்னர் அந்தக் கம்மை ஊற வைக்கும். அடிச்ச அன்னிக்கு கண்ணாடி மாதிரி இருக்கும். சித்திரை வெயில்ல நின்னா அந்த இடம் சுருங்கும், இல்லேன்னா பொரியும். பழைய கடை பேரைப் புது பெயின்ட்டுக்கு மேலேயே படிக்கிற வண்டிகளும் ஓடிட்டுத்தான் இருக்கு. முதல்ல கம், அடுத்து எண்ணெய்ப் பிசுக்கு, கடைசியாத்தான் பேப்பர்.

தின்னருக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணுங்க. கதவோட வெளிப்பக்கம் கீழ் ஓரத்துல, துணியில தின்னர் நனைச்சு பத்து விநாடி அழுத்திப் பிடிங்க. வண்டி வெள்ளைங்கிறதால கறுப்புத் துணி எடுங்க, அப்பத்தான் தெரியும். பெயின்ட் இளகி நகம் அழுந்துச்சுன்னா, மேல இருக்கிறது என்.சி. அல்லது சரியா இறுகாத பூச்சு. அதுமேல தின்னர் போகவே கூடாது. வெறும் தூள் மட்டும் துணியில வந்தா, அது வெயில்ல வெளுத்த பழைய மேல்பூச்சு, பயமில்லை.

கம்முக்கு டர்பன்டைன் போதும், ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு லிட்டர். தின்னர் நொடியில பறந்திடும். கம் இளகுறதுக்குள்ள காய்ஞ்சு, இழுவி மறுபடி ஒட்டிக்கும். டர்பன்டைன் மெதுவா வேலை செய்யும். துணியை நல்லா நனைச்சு கம் மேல ஒட்டி, அதுக்கு மேல பாலிதீன் தாள் போர்த்தி 10, 15 நிமிஷம் விடுங்க. நிழல்ல, தகடு ஆறியிருக்கிற காலை நேரத்துல செய்யணும். ஊறின பிறகு பழைய ஏ.டி.எம். கார்டை வச்சு ஒரே திசையில தள்ளினா சுருண்டு வரும். ஒரு முழம் அளவு முடிச்சிட்டு அடுத்த முழத்துக்குப் போங்க.

துடைக்கிற பனியன் வேஸ்ட் துணி வெள்ளையா இருக்கணும். கலர் வேஸ்ட்னா சாயம் விடும்.

கொண்டலாம்பட்டி_டிங்கர்:
நுரை டேப்புக்கு டர்பன்டைன் தனியா பத்தாது. ஹீட் கன்ல கை வச்சா ஓரிரு விநாடிதான் தாங்கும்ங்கிற அளவுக்குச் சூடு பண்ணி, தூண்டில் நரம்பை நுரைக்குள்ள விட்டு ரம்பம் இழுக்கிற மாதிரி இழுத்து அறுத்திடுங்க. மிச்சத்துக்கு டிரில்ல மாட்டுற ரப்பர் வீல். டிரில் 3,000 சுற்றுக்குள்ள ஓடணும், ஒரே இடத்துல நிக்கக்கூடாது. ஆங்கிள் கிரைண்டர்ல மாட்டிடாதீங்க, அது 11,000 சுற்று போகும். ரப்பர் உருகி, பெயின்ட் கருகிடும். என்.சி. பூச்சுன்னு தெரிஞ்சா ரப்பர் வீலே வேண்டாம்.

முக்கியம்: ஹீட் கன், டிரில் வேலை எல்லாம் முடிச்சு எடுத்து வச்ச பிறகுதான் டர்பன்டைன் டின்னைத் திறக்கணும். நனைஞ்ச வேஸ்ட்டை மூலையில குவிக்காம வெளியே விரிச்சுக் காயப் போடுங்க.

சூரமங்கலம்_வேன்:
சோதனையில தூள் மட்டும்தான் வந்துது, நகம் அழுந்தல. ஆனா வைசர் இடத்து பேஸ்ட் எதுக்கும் அசையல. டர்பன்டைன், வெள்ளை பெட்ரோல் ரெண்டும் பார்த்தாச்சு. ரப்பர் மாதிரி இழுபடுது.

லீபஜார்_ஸ்பிரே:
அது அனபாண்ட் மாதிரி சிலிக்கான். ஃபெவிபாண்ட் மாதிரி ரப்பர் பசையா இருந்தா வெள்ளை பெட்ரோலுக்கே இளகியிருக்கும். இறுகின சிலிக்கான் கரையாதுங்க, சுரண்டித்தான் எடுக்கணும். பிளாஸ்டிக் பிளேடால முழுசா எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இருக்கும். அதுமேல பெயின்ட் ஒட்டாது. பெயின்ட் விலகி வட்ட வட்டமா குழி விழும், அதைத்தான் கண்ணுன்னு சொல்றது. அந்தத் துணி, அந்த கார்டு எதையும் மத்த இடத்துக்குக் கொண்டு போகாதீங்க. ஒரு இன்ச் சிலிக்கான் ஒரு கதவையே கெடுத்திடும். அந்த இடத்தை மட்டும் வாக்ஸ் கிரீஸ் ரிமூவர் (மெழுகு, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற திரவம்) போட்டுத் துடைச்சு, தனியா ஒரு துண்டு 320 பேப்பர்ல தேய்ச்சு, மறுபடி துடைங்க. அந்தப் பேப்பரைத் தூக்கிப் போட்டிடுங்க.

டர்பன்டைனும் எண்ணெய்ப் பிசுக்கை விட்டுட்டுத்தான் போகும். அதனால கம் போனதும் ஷாம்பூ போட்டுக் கழுவி, வண்டி முழுக்க அதே ரிமூவர். அரை லிட்டர் ஆகும். ஒரு கையில நனைஞ்ச துணி, மறு கையில காய்ஞ்ச துணி. காயறதுக்குள்ள பின்னாடியே துடைக்கணும். தானா காய விட்டா பிசுக்கு இருந்த இடத்துலயே படிஞ்சுக்கும். பிறகு தண்ணி ஊத்திப் பாருங்க. ஒரே படலமா நின்னா சுத்தம். முத்து முத்தா உருண்டா மறுபடி ரிமூவர். போர் தண்ணின்னா உடனே துடைச்சிடுங்க, உப்புத் திட்டு நிக்கும்.

இனிமே பேப்பர். ஸ்டிக்கர் இருந்த இடத்துக்கும் சுத்தி இருக்கிற பெயின்ட்டுக்கும் நடுவுல மெல்லிய மேடு தெரியும், டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சுப் பாருங்க. கையால தேய்ச்சா மேடு போகாது. பிளாக்ல (தேய்க்கிற கட்டை) 400 வாட்டர் பேப்பர் சுத்தி, விரலால தடவினா மேடு தட்டுப்படாத வரை தேய்ங்க. தகடு வெளியே வந்தா அங்க எபாக்ஸி பிரைமர், அதுக்கு மேல டூகே (ஹார்டனர் கலந்து அடிக்கிற) பிரைமர். காய்ஞ்சதும் 600, 800 போட்டு கலர்.

ஏற்காடு_ஜீப்:
மேலே மலையில் வைத்து இந்த வேலையைச் செய்பவர்களுக்கு ஒன்று. சேலத்தில் பறந்துவிடுவதுதான் தொல்லை, இங்கே பறக்காததுதான் தொல்லை. பனிமூட்டத்தில் தகடு குளிர்ந்திருக்கும், ரிமூவர் காயும்போது இன்னும் குளிரும், ஈரம் வந்து படியும். அதன்மேல் பிரைமர் அடித்தால் பின்னால் கொப்புளம்தான். மூட்டம் விலகி, தகடு கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்த பிறகே பிரைமர்.

சூரமங்கலம்_வேன்:
இவ்வளவும் பண்ணியும் கலர் அடிக்கும்போது கண்ணு விழுந்தா?

லீபஜார்_ஸ்பிரே:
அங்கேயே நிறுத்திடுங்க. மேல கனமா ஒரு கோட் அடிச்சு மூட முடியாது, பள்ளம் பெரிசாத்தான் ஆகும். நல்லா இறுக விட்டு, அந்த இடத்தை ரிமூவர்ல துடைச்சு, 600ல இறக்கி, மறுபடி துடைச்சிட்டு, முதல்ல தூவலா ஒரு கோட் மட்டும் அடிங்க. அது பிடிச்ச பிறகு முழு கோட். கண்ணு விழாம இருக்க பெயின்ட்ல நாலு சொட்டு ஃபிஷ் ஐ மருந்து கலக்கலாம்னு சொல்வாங்க. பெரும்பாலும் அதுவே சிலிக்கான்தான். ஸ்பிரே கன்னுக்குள்ள போனா அடுத்த வண்டிக்கும் கண்ணு விழும்.