மாறுபரப்பு நாசிலை இயக்க எது ஏற்றது: எரிபொருள் ஹைட்ராலிக்கா, காற்று மோட்டாரா, மின்மோட்டாரா?

கேள்வி – தாரைப்பொறி

அனைவருக்கும் வணக்கம். ஆப்டர்பர்னர் (வெளியேறும் வளிமத்தில் மீண்டும் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் பகுதி) பொருத்திய ஜெட் எஞ்சின் ஒன்றின் மாறுபரப்பு நாசிலுக்கான, அதாவது வாயின் அகலத்தை மாற்றக்கூடிய வெளியேற்றக் குழலுக்கான, இயக்க அமைப்பை என் முதுநிலைத் திட்டப்பணியாக வடிவமைத்து வருகிறேன். நாசிலின் நுழைவு விட்டம் 0.8 மீட்டர்; மூடிய நிலையில் தொண்டையின் (மிகக் குறுகிய இடத்தின்) விட்டம் 0.6 மீட்டர், நாசிலின் சுவராக அமைந்து கீலில் அசையும் குவியும் மடல்களின் நீளம் ஏறத்தாழ 0.3 மீட்டர். மடல்களின் முதுகில் உருளைகள் அழுத்தும்படி ஒரு வளையத்தை மூன்று இயக்கிகள் முன்னும் பின்னும் நகர்த்தும். அதிக விசை தேவைப்படும் என்பதால் ஹைட்ராலிக்கே சரி என்பது என் எண்ணம். மின்மோட்டாரை ஏன் பரிசீலிக்கவில்லை என்று என் வழிகாட்டி கேட்கிறார். எதை அளவுகோலாகக் கொண்டு தேர்ந்தெடுப்பது? மூன்று இயக்கிகளும் ஒரே சீராக நகர்வதை எப்படி உறுதி செய்வது? நினைவக உலோகக் கலவைகளால் (சூடேறினால் முன்னைய வடிவத்துக்குத் திரும்பும் கலவைகளால்) இந்த வேலையைச் செய்ய இயலுமா?

பதில் – சுழலி

விசையை முதலில் கணக்கிட்டுப் பாருங்கள். அது நீங்கள் அஞ்சும் அளவுக்கு இருக்காது. நாசிலுக்குள் மொத்த அழுத்தம் 3.5 பார் என்று வைத்துக்கொண்டால், தொண்டையில் ஓட்டம் ஒலிவேகத்தை எட்டும்போது நிலையழுத்தம் அதில் ஏறத்தாழ 54 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது. எனவே வெளிக்காற்றைவிட மடல்களின் மேல் சராசரியாக 1.5 பார் மட்டுமே கூடுதலாக அழுத்துகிறது. உங்கள் கூம்பின் பக்கப்பரப்பு சுமார் 0.7 சதுர மீட்டர் என்பதால் மடல்கள் அனைத்தின் மேலும் விழும் மொத்த விசை 100 கிலோநியூட்டனை ஒட்டி வரும். அதில் பாதியைக் கீல்கள் தாங்கிக்கொள்கின்றன. மீதிப் பாதியில் உருளையின் தொடுகோணத்தைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்குதான் வளையத்தின் நகர்வுத் திசையில் வரும். ஆக வளையத்தின் மேல் 17 கிலோநியூட்டன், இயக்கி ஒன்றுக்கு 6 கிலோநியூட்டனுக்கும் குறைவு. சூடேறிய மடல்களின் உராய்வுக்கும் பாதுகாப்புக்கும் கூடுதல் இடம் விட்டாக வேண்டும் என்றாலும், 200 பார் அழுத்தத்தில் 6 கிலோநியூட்டனுக்கு 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் போதும்.

அதே விசையை, ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் முன்னேற்றமுள்ள பால் ஸ்க்ரூவால் (மரையில் பந்துகள் உருளும் திருகால்) தருவதற்குச் சுமார் 5 நியூட்டன் மீட்டர் திருக்கமே தேவை. வளையம் 150 மில்லிமீட்டரை ஒரு வினாடியில் கடக்க வேண்டுமானால் திருகு நிமிடத்துக்கு 1,800 சுற்று சுழல வேண்டும். மூன்று இயக்கிகளுக்கும் சேர்த்து 3 கிலோவாட். இந்தத் திறனை மின்மோட்டாரும் காற்று மோட்டாரும் தாராளமாகத் தரும். ஆகவே விசையைக் கொண்டு மட்டும் உங்கள் தேர்வை முடிவு செய்ய இயலாது.

பரப்பு எவ்வளவு மாற வேண்டும் என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரே அழுத்தத்தில் ஒரே அளவு வளிமம் செல்ல, தொண்டைப் பரப்பு வெப்பநிலையின் இருமடி மூலத்துக்கு ஏற்ப விரிய வேண்டும். ஆப்டர்பர்னர் எரியும்போது வெப்பநிலை 950 கெல்வினிலிருந்து 2,000 கெல்வினுக்கு ஏறினால் பரப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு கூடும். உங்கள் தொண்டை 0.72 மீட்டர் வரை திறக்க வேண்டும். திறப்பது பிந்தினால் பின்னழுத்தம் ஏறி விசிறியும் கம்ப்ரசரும் சர்ஜ் நிலைக்கு, அதாவது காற்றோட்டம் தடுமாறிப் பின்னோக்கித் திரும்பும் நிலைக்கு, தள்ளப்படும். அதனால்தான் எரிபொருளைப் பற்றவைப்பதற்குச் சற்று முன்னரே நாசிலைக் கொஞ்சம் திறந்து வைக்கிறார்கள்.

பதில் – வெப்பஎல்லை

சுழலி அவர்களின் கணக்கை ஏற்றுக்கொண்டு தொடர்கிறேன். என் பார்வையில் இந்தத் தேர்வின் உயிர்நாடி வெப்பம். மண்ணெண்ணெய் வகை விமான எரிபொருள் 160 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் சிதைந்து கரிப்படிவுகளை உண்டாக்கத் தொடங்குகிறது. விமானங்களின் வழக்கமான கனிம ஹைட்ராலிக் எண்ணெய்க்கு 135 டிகிரியே எல்லை. நாசிலைச் சூழ்ந்த உறைக்குள் இவ்விரண்டையும் எளிதில் தாண்டிவிடலாம். அதனால் எரிபொருளால் இயங்கும் சிலிண்டர்களில், பிஸ்டன் அசையாமல் நிற்கும்போதும் ஒரு நுண்துளை வழியே எரிபொருள் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்குமாறு செய்து, சிலிண்டரைக் குளிர்விக்கிறார்கள். தேங்கி நிற்கும் எரிபொருள்தான் ஆபத்தானது.

நடைமுறையில் எல்லா வழிகளும் கையாளப்பட்டிருக்கின்றன. எஸ்ஆர்-71 விமானத்தின் ஜே58 எஞ்சின் தன் எரிபொருளையே ஹைட்ராலிக் திரவமாகப் பயன்படுத்தியது. அதற்கப்பால் விமான உடலோடு இருந்த வெளிமடல்களுக்கு இயக்கியே கிடையாது, காற்றழுத்தமே அவற்றை உரிய இடத்தில் நிறுத்தியது. எஃப்404 எஞ்சினில் எஞ்சின் எண்ணெய் வேலை செய்கிறது. எஃப்100 எஞ்சினில் கம்ப்ரசரிலிருந்து எடுத்த காற்றால் சுழலும் மோட்டார், நெகிழ்தண்டுகள் வழியாகத் திருகுகளை இயக்குகிறது. மோட்டாரைக் குளிர்ந்த முன்பக்கத்தில் வைத்துவிட்டு, சூடான பகுதிக்கு எஃகுத் தண்டையும் திருகையும் மட்டும் அனுப்பும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது. உங்கள் வழிகாட்டி சொல்லும் மின்மோட்டாரையும் இதே இடத்தில் வைக்கலாம். காந்தங்களையும் சுருள்களின் காப்பையும் நாசிலருகே கொண்டுபோக வேண்டியதில்லை.

எரிபொருள் ஹைட்ராலிக்கில் குழாய்களின் தரமும் கவனத்துக்குரியது. 2013 ஜனவரியில் ஒரு எஃப்-35பி விமானம் மேலெழும் முயற்சியைக் கைவிட நேர்ந்தது. வெளியேற்றக் குழலைத் திருப்பும் அமைப்புக்கு எரிபொருள் கொண்டுசென்ற குழாயின் முனை சரியாக நெரித்துப் பொருத்தப்படாததே காரணம். அந்த வகை விமானங்கள் அனைத்தும் சில வாரங்கள் தரையில் நின்றன.

சீரான நகர்வைப் பொறுத்தவரை, ஒரே மோட்டாரிலிருந்து பிரியும் தண்டுகள் இயல்பாகவே ஒத்தியங்கும். ஆனால் நீளமான தண்டு சுமையின்கீழ் முறுக்கிக்கொள்ளும் என்பதால் சிறிய பின்தங்கல் இருக்கும். தனித்தனிச் சிலிண்டர்களானால் வளையத்தின் விறைப்பையே முதன்மையாக நம்ப வேண்டும். ஒரு பக்கத்து மடல்கள் இறுகிக்கொண்டால் வளையம் சாய்ந்து வழிகாட்டிகளில் சிக்கிவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு சிலிண்டரிலும் இடமறியும் உணரியைப் பொருத்துவது நல்லது.

தாரைப்பொறி

இருவருக்கும் நன்றி. அப்படியானால் பால் ஸ்க்ரூவின் பக்கம் சாய்கிறேன். மோட்டார் செயலிழந்தால் திருகு இருந்த இடத்திலேயே நின்றுவிடும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் – சுழலி

கூடாது. பால் ஸ்க்ரூவின் செயல்திறன் 90 விழுக்காட்டை ஒட்டியது என்பதாலேயே சுமை அதைப் பின்னோக்கிச் சுழற்றிவிடும். சரிவகப் பல்லுள்ள சாதாரணத் திருகு தானாகவே பூட்டிக்கொள்ளும். ஆனால் அந்த உராய்வுக்கு ஈடாக மும்மடங்குத் திருக்கத்தைக்கூடத் தர வேண்டியிருக்கும், சூட்டில் மசகும் தாக்குப்பிடிக்காது. பால் ஸ்க்ரூவை வைத்துக்கொண்டு, மோட்டாரின் தண்டில் மின்சாரம் நின்றால் பிடித்துக்கொள்ளும் பிரேக் ஒன்றைச் சேருங்கள்.

பழுதானால் நாசில் திறந்து நிற்க வேண்டுமா, மூடி நிற்க வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். உள்ளழுத்தம் மடல்களை வெளியே தள்ளுவதால் பிடிமானம் போனால் நாசில் தானே திறந்துகொள்ளும். கம்ப்ரசருக்கு அது பாதுகாப்பானது. ஆனால் ஆப்டர்பர்னர் எரியாதபோது திறந்த நாசில் உந்துவிசையைப் பெருமளவு குறைத்துவிடும், ஒற்றை எஞ்சின் விமானத்தில் அது உயிராபத்து. எஃப்-16 விமானத்திலுள்ள எஃப்100 எஞ்சின் மாற்றுக் கட்டுப்பாட்டுக்கு மாறும்போது நாசிலை மூடி, ஆப்டர்பர்னரையும் தடை செய்துவிடுவது இதனால்தான். மூடும் திசையில் பழுதடையும்படி வடிவமைத்தால் ஆப்டர்பர்னர் எரிபொருளை அதே கணத்தில் நிறுத்தும் தொடர்பு கட்டாயம் இருக்க வேண்டும்.

மடலின் கீலைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தி, கீலுக்கு முன்னுள்ள பகுதியின் மேல் விழும் அழுத்தம் பின்பகுதியின் சுமையை ஓரளவு ஈடுசெய்யுமாறு அமைத்தால் இயக்கியின் வேலையும் பிரேக்கின் வேலையும் சேர்ந்தே குறையும். மோட்டாரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அந்த வடிவியலில் ஒரு வாரம் செலவிடுங்கள்.

பதில் – உலோகவன்

நினைவக உலோகக் கலவையைப் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் தரவில்லை. 2005 இல் போயிங் 777 விமானம் ஒன்றில், எஞ்சின் நாசிலின் விளிம்பில் இரைச்சலைக் குறைக்கும் பற்களை நிக்கல்–டைட்டானியம் கலவையால் வளைத்துச் சோதித்திருக்கிறார்கள். அது பறப்பின் கட்டத்துக்கு ஏற்ப மெதுவாக நிகழும் மாற்றம். கலவை சூடேறும்போது ஒரு திசையில் வேகமாக நகர்ந்தாலும், திரும்பி வருவதற்கு அது குளிர வேண்டும். நாசிலருகே குளிர்வதற்கு ஒரு வினாடிக்குள் வழியில்லை. உங்கள் தொண்டைப் பரப்புக்கு அது பொருந்தாது.