தட்டைப் படத்தில் தோன்றும் ஆழத்துக்கு ‘உறழ்வாழம்’

தட்டையான படமொன்றில், பின்புலத்திலிருந்து ஒளிர்வில் நன்கு விலகித் தெரியும் உருவத்தை அருகில் இருப்பதாகவும், பின்புலத்தோடு மங்கிக் கலக்கும் உருவத்தைத் தொலைவில் இருப்பதாகவும் நம் பார்வை கொள்கிறது. இவ்விளைவுக்குத் தமிழில் ஒரு கலைச்சொல் வேண்டும். அதற்கு முன்வைக்கப்படும் ‘வளித்தொலைவு’, ‘ஒளிமுரண் ஆழம்’ ஆகியவற்றுள் எதைக் கொண்டாலும் எனக்கு உடன்பாடில்லை.

‘வளித்தொலைவு’ இயற்கையில் இது நிகழும் ஒரு சூழலை மட்டுமே சொல்கிறது. தொலைமலையிலிருந்து வரும் ஒளி வழியிலுள்ள காற்றில் சிதறுகிறது. சிதறிய வானொளியும் அதனுடன் வந்து சேர்கிறது. ஆகவே மலைக்கும் வானுக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு தொலைவு கூடக்கூடத் தேய்ந்துகொண்டே போகிறது. இதை 1924இல் ஜெர்மானிய வானிலை அறிஞர் கோஷ்மீடர் சமன்பாடாக்கினார். வேறுபாடு 2 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மலை கண்ணுக்குத் தப்பிவிடும் என்று கொண்டே பார்வை எல்லையை வழக்கமாகக் கணிக்கிறார்கள். ஆனால் வெண்திரையில் ஒரே அளவுள்ள இரு சதுரங்களை, ஒன்றைக் கருஞ்சாம்பலிலும் மற்றதை வெளிர்சாம்பலிலும் வரைந்து பாருங்கள்: கருஞ்சாம்பல் முன்னே நிற்பதாகத் தோன்றும். சதுரங்களைத் தொடாமல் பின்புலத்தை மட்டும் கறுப்பாக்கினால் வெளிர்சாம்பல் முன்னே வந்துவிடும். இதில் காற்றுக்கு என்ன வேலை?

‘முரண்’ என்பதும் பொருந்தவில்லை. முரண்தொடையில் சொற்கள் எதிரெதிராக நிற்கும். எவ்வளவு எதிர் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. ஒளிர்வு வேறுபாட்டை அளக்கும் மைக்கெல்சன் வாய்பாடோ மீயுயர் ஒளிர்வுக்கும் மிகக்குறை ஒளிர்வுக்கும் உள்ள வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணைத் தருகிறது. அளவு ஏறி இறங்குவதைத் தாங்கும் சொல்லே நமக்கு வேண்டும்.

ஆகவே இவ்வொளிர்வு வேறுபாட்டுக்கு (contrast), மாறுபடுதலைக் குறிக்கும் ‘உறழ்வு’ என்பதை அடிச்சொல்லாகவும், அதனால் தோன்றும் ஆழத்துக்கு ‘உறழ்வாழம்’ என்பதையும் முன்மொழிகிறேன். ‘மிகு உறழ்வு’, ‘உறழ்வு விகிதம்’ என்று நீட்டவும் அது இடம்தரும். ‘உறழ’ உவம உருபாயிற்றே, ஒப்புமையையல்லவா சுட்டும் என்று இலக்கணம் பயின்றோர் கேட்கலாம். இரண்டை அருகருகே நிறுத்திப் பார்ப்பது உவமைக்கும் வேறுபாட்டுக்கும் பொது என்பதால், அதை நான் குறையாகக் கருதவில்லை.

ஒரு வரம்பு மட்டும் தேவை. கண் ஒவ்வொரு நிற ஒளியையும் வெவ்வேறு அளவில் வளைப்பதால், இரு கண்களாலும் பார்க்கும்போது சிவப்பு முன்னேயும் நீலம் பின்னேயும் பலருக்குத் தெரிகிறது. அது ஒளிர்வு வேறுபாட்டால் வருவதன்று. அதற்கு வேறு சொல் தேட வேண்டும், உறழ்வாழத்தில் சேர்க்கக் கூடாது.