பி.டெக். கோழியினத் தொழில்நுட்பம் படித்தால் கால்நடை மருத்துவர் ஆகலாமா?

கேள்வி: பிளஸ் டூவில் உயிரியல், கணிதம் இரண்டும் உண்டு. கால்நடை மருத்துவப் படிப்பான பி.வி.எஸ்சி.க்கு கட்-ஆஃப் எட்டாது போலிருக்கிறது. ஓசூரில் இந்த பி.டெக். படிப்பில் சேர்ந்தால் பிறகு வைத்தியம் பார்க்க முடியுமா? நீட் வேண்டுமா?

பதில் 1: முடியாதுங்க. இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984-இன்படி பதிவு பெற்றவர்தான் மருத்துவர். அதற்கு ஐந்தரை ஆண்டு பி.வி.எஸ்சி. முடிக்க வேண்டும். அந்த ஆசையோடு பி.டெக்.கில் சேராதீர்கள், நாலு வருஷமும் கசந்துவிடும்.

பதில் 2: பண்ணைத் தொழில் பிடிக்கும் என்றால் தாராளமாகச் சேரலாம். பல்லடம் கறிக்கோழி நிறுவனங்கள், நாமக்கல் முட்டைப் பண்ணைகள், தீவன ஆலை, குஞ்சுப் பொரிப்பகம் என்று வேலை இருக்கிறது. பொரிப்பகத்தில் முட்டையை 37.5 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து, மணிக்கொரு தரம் திருப்பி, 18ஆம் நாள் குஞ்சு வெளிவரும் இயந்திரமான பொரிப்பானுக்கு மாற்றுவார்கள். சூடு கூடினால் குஞ்சு 21 நாளுக்கு முன்பே வெளிவரும், தொப்புள் சரியாக மூடாது. அதில் கிருமி புகுந்தால் முதல் வாரமே சாவு விழும். காரணத்தைப் பிடித்துச் சரிசெய்பவருக்குத்தான் அங்கே மதிப்பு. ராத்திரி ஷிஃப்டும் உண்டு.

பதில் 3: நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்தான். பி.வி.எஸ்சி.யிலேயே அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்குத்தான் நீட். பி.டெக்., பி.வி.எஸ்சி. இரண்டுக்கும் விண்ணப்பித்து வையுங்கள்.